பொய்கையில் யோகன்னான்: வேதாகமத்திடம் கேட்ட கேள்வி

(கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

தோழர்களே,

திருவிதாங்கூரில் ஒரு மனிதர் வேதாகமத்தை ஆழ்ந்து படித்ததாலேயே சபையை விட்டு வெளியேறினார். அவர் பொய்கையில் யோகன்னான்.

1879இல் இரவிபேரூரில், பறையர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1855இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது. வயல்களில் அது ஒழியவில்லை. சிரியன் கிறிஸ்தவ நிலவுடைமைக் குடும்பத்தை அண்டி வாழ்ந்த குமரன், ஞானஸ்நானம் பெற்று யோகன்னான் ஆனார். மார்த்தோமா சபையில் பிரசங்கம் செய்தார். அங்கே கல்லறையிலும் சாதி நின்றது. வேத வசனத்தை எழுத்துப் பிசகாமல் ஏற்கச் சொல்லும் கண்டிப்பான பிரதரன் சபைக்குச் சென்றார். அங்கும் சாதி ஒழியவில்லை.

அப்போதுதான் அந்தக் கேள்வி பிறந்தது. பவுலின் நிருபங்கள் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதப்பட்டவை. புலையருக்கும் பறையருக்கும் எழுதப்பட்ட நிருபம் எது? எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டது இஸ்ரவேலர். அமெரிக்கக் கறுப்பின அடிமைகள் அக்கதையில் தங்கள் விடுதலையைக் கண்டார்கள். யோகன்னான் வேறு வழி சென்றார். பிறர் வரலாற்றை இரவல் வாங்காமல், சொந்த மக்களின் அடிமை வரலாற்றையே மீட்பின் ஆதாரமாக்கினார். மாட்டோடு ஏரில் பூட்டப்பட்ட மனிதன், விற்கப்பட்ட தாய், அநாதையான பிள்ளைகள்: இவையே அவரது பாடல்களின் பொருளாயின. வேதாகமம் தீயிலிடப்பட்டது. 1909இல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை உருவானது. பெயரிலேயே அதன் கோரிக்கை உள்ளது: மீட்பு மறுமையில் அல்ல, கண்முன்னே வேண்டும்.

அவர் பள்ளிகள் நிறுவினார். ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக இருந்து ஒடுக்கப்பட்டோரின் உரிமைக்காக வாதாடினார். 1939இல் மறைந்தார்.

அவரது பாதைக்கு எல்லையும் உண்டு. ஒரு சபையை விட்டவர் இன்னொரு சபையைக் கட்டினார். பின்பற்றியோர் அவரையே தெய்வமாக்கினர். நிலவுடைமையின் அடித்தளத்தைப் பாட்டும் பிரார்த்தனையும் அசைக்கவில்லை. அதற்கு விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்களின் அமைப்பு ரீதியான போராட்டம் தேவைப்பட்டது. ஆயினும் அவரை வெறும் மதவாதி என ஒதுக்குவது தவறு. துயருற்ற மக்கள் மதத்தின் மொழியிலேயே முதல் எதிர்ப்பைப் பேசுவதுண்டு என்பது மார்க்சியம் அறிந்த உண்மை.

அக்கேள்வி இன்றும் முடியவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பின்னர் சீக்கியரையும் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. தலித் கிறிஸ்தவரையும் தலித் முஸ்லிம்களையும் பட்டியல் சாதி உரிமைக்கு வெளியே நிறுத்தியுள்ளது. மதம் மாறினால் சாதி மறையும் என்கிறது சட்டம். மறையாது என்பதற்கு யோகன்னானின் வாழ்வே சாட்சி.

எனவே, தோழர்களே, தேவாலயத்துக்குள் சாதியை எதிர்ப்பதும், வெளியே சம உரிமைக்குப் போராடுவதும் ஒரே கடமை. அதை நிறைவேற்றுவோம்!