‘கில்த்தி’ என்றொரு சொல்



பத்தாண்டு நிறைவு விழாவில் பேச நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். அது பின்லாந்து நாட்டாரின் ‘கில்த்தி’ என்னும் பெயரடை. அன்பானவர், நன்னடத்தையுடையவர், சொற்படி கேட்பவர் என்னும் மூன்று பொருளையும் அது ஒருங்கே சுமக்கிறது.

பின்னிய மொழி நமக்கு முற்றிலும் அயலன்று. 1856இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், திராவிட மொழிகளுக்கும் பின்னியம் அடங்கிய குழுவுக்கும் உறவு கண்டார். இன்றைய மொழியியலார் பொதுவாக அதனை ஏற்பதில்லை. ஆயினும் இலக்கிய உறவு மெய்யானது. 22,795 அடிகள் கொண்ட ‘கலேவலா’ காப்பியத்தை, ஈழத்திலிருந்து பின்லாந்து சென்ற ஆர். சிவலிங்கம் என்னும் உதயணன் தமிழ்ச் செய்யுளாக்கி 1994இல் அளித்தார். சிந்துவெளி எழுத்தை ஆய்ந்த பின்லாந்து அறிஞர் அஸ்கோ பார்ப்போலாவுக்கு 2010இல் கோவையில் செம்மொழித் தமிழ் விருது வழங்கப்பட்டது.

அவர்கள் மொழியில் ‘தயவுசெய்து’ என்பதற்கெனத் தனிச்சொல் இல்லை. வேண்டுங்கால் ‘ஒலெ கில்த்தி’ என்பர். ‘நல்லவனாய் இரு’ என்பது அதன் நேர்பொருள். பெரியவரிடம் ‘ஒல்கா கில்த்தி’ என்று வினையைப் பன்மையாக்குவர்; பெயரடை ஒருமையிலேயே நிற்கும். கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டு வருபவர் வாசலில் கேட்பதும் ‘இங்கே கில்த்தியான பிள்ளைகள் உண்டா?’ என்பதே. அங்கே பரிசு, கீழ்ப்படிந்த பிள்ளைக்கு.

நம்மிடமும் இதற்கு உடன்பிறப்பு உண்டு. ‘சமர்த்து’ என்பது வடமொழியில் ஆற்றலைக் குறித்த சொல்வழி வந்தது. நாமோ அழாமல் உண்ணும் குழந்தையைச் ‘சமத்து’ என்கிறோம். ஆற்றல், அடக்கமாகிவிட்டது! ‘சாது’ என்பதும் அவ்வாறே: சான்றோனைச் சுட்டியது, வாய்திறவாதவனைச் சுட்டுகிறது. பின்லாந்திலும் ‘கில்த்தியான பெண்’ என்பது, பிறரை மகிழ்விக்கத் தன் விருப்பத்தை விழுங்குபவளைக் குறிக்கும் கவலைச்சொல்லாகி நிற்கிறது.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் தயவுக்குத் தனிச்சொல் தேவைப்படுவதில்லை. ‘வாங்க’, ‘இல்லீங்க’, ‘ஏனுங்க’ என ஒரு சிறு ஒட்டிலேயே பணிவும் பரிவும் குடியிருக்கின்றன. வெளியூரார் இதனை வியந்து போற்றுவர். ஆனால் அவ்வொட்டு எல்லாருக்கும் ஒன்றுபோல் கிட்டியதா? நரைத்த தலையுடன் காட்டில் களையெடுத்தவர் ‘ங்க’ கொடுத்தார். பெற்றதோ ‘நீ’, ‘வா’, ‘போ’. அவருக்குக் கிடைத்த புகழ்மொழி ‘நல்ல பையன்’. கூலி உயர்த்திக் கேட்ட அன்றே அந்த ‘நல்ல’ பறிபோயிற்று.

ஆதலின் பாவலர்களே, ‘நல்ல’ என்னும் அடைமொழியை எழுதும்போது ஒரு கணம் நில்லுங்கள். அது பிறர் துயர்க்கு நெகிழ்பவனைப் போற்றுகிறதா, எதிர்த்துப் பேசாதவனையா என்று கேளுங்கள். வள்ளுவர் ‘அடக்கமுடைமை’க்கு ஓர் அதிகாரமும் ‘கண்ணோட்டம்’ என்பதற்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் வேறு என்பதை மறவாதிருப்போம். கண்ணோட்டம் வலியவரிடம் முதலில் எதிர்பார்க்கப்படவேண்டிய பண்பு. எளியவரிடமிருந்து மட்டும் கேட்டுப் பெறுவது பண்பன்று, பணிவிடை.

அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்துக் கவிதைகள், கேள்வி கேட்கும் குழந்தையையும் ‘சமர்த்து’ என்று அழைக்கட்டும். அச்சொல்லின் பழம்பொருள் அதற்கு இடந்தரும்.