நடுவழியில் ஒரு நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊருக்குப் போதல் என்பது ஆண்டுக்கொரு முறை வரும் திருவிழா. 1929ஆம் ஆண்டில் பிறந்த கிராண்ட் டிரங்க் வண்டியும், 1976ஆம் ஆண்டில் வந்த தமிழ்நாடு விரைவு வண்டியும் நம் காலனியின் மூன்று தலைமுறைகளைச் சுமந்திருக்கின்றன. நாம் ஏறுகின்றோம், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கின்றோம், உறங்குகின்றோம், விழித்தெழுந்து, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கின்றோம். நாக்பூர் என்றால் ஆரஞ்சுப் பழம். அதற்கு மேல் இடைவழி நாட்டைப் பற்றி நாம் அறிந்தது யாது?

இவ்வினாவே சென்ற டிசம்பர்த் திங்களில் எங்களை வேறொரு வழியிற் செலுத்தியது. மூன்று குடும்பத்து நண்பர்கள் எழுவர் சேர்ந்து, இன்று கேரவன் என வழங்கும் வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு கன்னியாகுமரிக்குப் புறப்பட்டோம். அடுப்பும் படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் உள்ளேயே அமைந்த வண்டி அது. படுக்கை ஐவருக்கே இருந்தது. எஞ்சிய இருவர் முறை வைத்துத் தரையில் பாய் விரித்தோம். வண்டியைச் செலுத்தியவர் கடுவால் மலைநாட்டு இளைஞர் ஒருவர். அப்பயணம் முழுவதையும் இங்கே விரித்தால் விழா முடியாது. மூன்றாம் நாள் ஒன்றை மட்டும் சொல்லி அமைகின்றோம்.

அன்று விடியற்காலையில் மத்தியப் பிரதேசத்துச் சிவனி நகரத்தருகே கண் விழித்தோம். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட காட்டுக் கதைகளில், ஓநாய்கள் வளர்த்த மௌக்ளி என்னும் சிறுவன் திரிந்தது இச்சிவனி மலைக்காடுகளில்தான். வண்டியினுள் காப்பி இறக்கப்பட்டது. முதற்குவளை யாருக்கு என்னும் வழக்கு எழுந்தது. தீர்ப்பு வழக்கம்போல் ஓட்டுநருக்கே சாதகமாயிற்று.

ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, சிவனியைக் கடந்ததும் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் தேக்குக் காட்டினூடே செல்கின்றது. அங்கே சாலை தரையிற் படியாமல் தூண்களின்மேல் உயர்ந்து ஓடுவதைக் கண்டோம். மகாராட்டிரப் பகுதியில் மட்டும் விலங்குகள் கீழே நடந்து செல்ல இத்தகைய அமைப்புகள் ஒன்பது உள. மிக நீண்டது 750 மீட்டர். வண்டிகளின் ஒலியும் ஒளியும் கீழே செல்லாதபடி இருபுறமும் தடுப்புகள் நிறுத்தியுள்ளனர். 2019ஆம் ஆண்டில் மறைகாமிராக்கள் வைத்துப் பார்த்தபோது, 18 வகைக் காட்டு விலங்குகள் இவ்வழிகளிற் போய்வந்தமை பதிவாயிற்று. அவற்றுட் புலியும் ஒன்று. வழிப்போக்கனுக்கு வெறும் வழியாகத் தோன்றுவது மற்றொருவர்க்குக் குடியிருப்பு. அவர் நடமாட இடம் விட்டு நாம் போதல் வேண்டும். இதனை அச்சாலையே எங்களுக்குச் சொல்லிற்று.

நண்பகலில் நாக்பூரை அடைந்தோம். நம் அவல் உப்புமாவுக்கு உடன்பிறப்பான போஹாவின்மேல் காரமான கடலைக் குழம்பை ஊற்றித் தருகின்றனர். உண்டவர் எல்லோரும் கண்ணீர் விட்டனர். எவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னர் அங்குள்ள பூச்சியக் கல்லைக் காணச் சென்றோம். நாட்டின் தூரங்களை அளக்கும் பணியின் நினைவாக நிற்கும் தூண் அது. அருகே நான்கு குதிரைச் சிலைகள் உள்ளன. எங்களுடன் வந்தவருள் ஒருவர் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் அத்தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வேலையைத் தொடங்கியவர் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உறங்குகின்றார். பார்த்துவிட்டுப் போவோம்" என்றார்.

இருட்டுமுன் ஆதிலாபாத் சேர வேண்டும் என்று மூவர் மறுத்தனர், மூவர் இசைந்தனர். ஏழாவது வாக்கு ஒரு நண்பரின் மகளுடையது. தில்லியிலே பிறந்து கல்லூரியிற் பயிலும் பெண். "போகலாம் மாமா" என்றாள். வண்டி ஹிங்கன்காட்டை நோக்கிச் சென்றது.

அன்பர்களே, அந்த வரலாறு நம்முடையது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை அளந்தார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாமன்றோ? அவ்வாறே முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாட்டை அளந்துகொண்டே சென்றார். அரை டன் எடையுள்ள அவரது கோணமானி, 1808ஆம் ஆண்டில் தஞ்சைக் கோயிற் கோபுரத்தில் ஏற்றும்போது மோதிச் சிதைந்தது. மனந்தளராது தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். 1794ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய நில அளவைப் பள்ளியிற் பயின்ற அநாதை இல்லச் சிறுவர்கள் அவருக்கு உதவியாளராயினர். பிழைப்பின் பொருட்டுச் சென்னையை விட்டு வடக்கே போன நமக்கு அவர்கள் முன்னோடிகள். கூடாரமே அவர்கட்கு வீடு. லாம்டன் 1823ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், ஐதராபாத்திலிருந்து நாக்பூருக்குச் செல்லும் வழியில் ஹிங்கன்காட்டில் உயிர் நீத்தார். அவர்பின் அப்பணியை ஏற்றவரே எவரெஸ்ட். இமயச் சிகரம் அவர் பெயரைப் பெற்றது 1865ஆம் ஆண்டில்.

ஹிங்கன்காட் பருத்திச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். கரிசல் மண்ணுக்கிடையே வெண்பஞ்சு ஏற்றிய வண்டிகள் எங்களை முந்திச் சென்றன. வழி கேட்டுக் கேட்டுக் கல்லறையை அடைந்தோம். அங்கே பேச்சு நின்றது. நாம் சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையும் இவ்வூர் வழியேதான் செல்கின்றது. எத்தனை முறை இதனைக் கடந்திருப்போம்! ஒரு முறையேனும் தெரிந்து கடந்தோமா?

வழி காட்டிய மராட்டியப் பெரியவர், "நீங்கள் எந்த ஊர்?" என்று வினவினார். ஒருவர் மதுரை என்றார். மற்றொருவர் தில்லி என்றார். நாங்கள் தமிழ்நாடு என்றோம். "நீ, மகளே?" என்று அவர் பெண்ணைக் கேட்டார். அவள் விடை கூறவில்லை.

மாலையில் பைன்கங்கை ஆற்றைக் கடந்தோம். பாலத்தின் அக்கரையில் பெயர்ப்பலகைகள் தெலுங்கு எழுத்துக்கு மாறின. இரவு ஆதிலாபாத்தில் வண்டியை நிறுத்தி, தயிர்ச்சோறு உண்டுகொண்டிருந்தபோது அவள் மெல்லக் கேட்டாள்: "மாமா, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தில்லியில் என்னை மதராஸி என்கிறார்கள். மதுரையில் தில்லிக்காரி என்கிறார்கள்."

வண்டியில் ஒருவரும் உடனே பேசவில்லை. நம் வீடுகள்தோறும் பிள்ளைகள் மனத்துள் அடக்கி வைத்திருக்கும் கேள்வி அன்றோ அது? அளவைத் துறை நண்பர் கையலம்பிக்கொண்டு வந்து சொன்னார்: "அம்மா, எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஓரிடம் எங்கே இருக்கிறது என்று ஒரே இடத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தெரிந்த இரண்டு இடங்களிலிருந்து நோக்கினால்தான் அது அகப்படும். உனக்கு இரண்டு ஊர் இருப்பதைக் குறை என்று நினைக்காதே. நாளைக்கு யாரேனும் கேட்டால் இரண்டையும் சொல்."

அவள் சிரித்தாள். அன்றிரவு தரையிற் பாய் விரிக்கும் முறை எமக்கு வந்தது. நெடுநேரம் அச்சொல்லையே எண்ணிக்கொண்டு கிடந்தோம்.

அன்பர்களே, எல்லோரும் வீட்டு வண்டி அமர்த்த வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. அதற்குச் செலவும் மிகுதி, தரைப்படுக்கையும் கடினம். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, குழந்தைகளோடு ஒரே ஒரு நாள் இடைவழியில் இறங்குங்கள். ஓர் ஊரைக் காணுங்கள். அவ்வூரார் ஒருவரோடு பேசுங்கள். திரும்பி வந்ததும் நம் சங்க நூலகத்துச் சுவரில் பெரிய தேசப்படம் ஒன்றை மாட்டுவோம். இறங்கிய ஊர்களை நம் பிள்ளைகள் அதிற் குறிக்கட்டும். முதற்குறியை ஹிங்கன்காட்டில் இட, அந்தப் பெண் இன்று இவ்வவையில் காத்திருக்கின்றாள்.