புதைந்த வாகனத்தை எந்தப் பட்டியால் இழுப்பது?



அவுஸ்திரேலியாவின் உட்பகுதிகளில், பண்ணைகளிலும் பழத்தோட்டங்களிலும் எங்கள் ஆட்கள் பலர் வேலை செய்கிறார்கள். மழை பெய்தால் மண்பாதையில் யூட்டோ சிறிய லொறியோ புதைவது அங்கே வழமை. வன்னியில் உழவு இயந்திரம் சேற்றில் இறங்கினால் சங்கிலி கொழுவி இழுத்துப் பழகியவர்கள் நாங்கள். அதே பழக்கத்தோடு இங்கே இழுக்கப் போனால் உயிராபத்து வரலாம். ஏன் என்று பார்ப்போம்.

கடையில் ஒரே மாதிரித் தெரியும் பட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்நாச் ஸ்ட்ராப். இது நைலோனால் ஆனது. இழுக்கும்போது ஏறக்குறைய 20 வீதம் நீளும். முன் வாகனம் மெதுவாக ஓடத் தொடங்க, பட்டி இறப்பர் போல நீண்டு, பிறகு சுருங்கி, புதைந்த வாகனத்தை வெளியே எடுத்துவிடும். மற்றது ரோ ஸ்ட்ராப். பெரும்பாலும் பொலியெஸ்டரால் ஆனது, அதிகம் நீளாது. பழுதான வாகனத்தைத் தெருவில் மெல்லக் கட்டியிழுக்கத்தான் அது. அதையோ சங்கிலியையோ போட்டு வெடுக்கென்று இழுத்தால், அதிர்ச்சி முழுவதும் கொழுவிய இடத்தில் விழும். அங்கே ஏதாவது உடைந்து பறக்கும்.

அடுத்தது பலம். பட்டியின் லேபிளில் அறுபடும் பலம் எழுதப்பட்டிருக்கும். இரண்டு வாகனங்களில் எடை குறைந்தது எதுவோ, அதன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைப் போல 2 முதல் 3 மடங்கு பலம் இருக்க வேண்டும். 3,000 கிலோ வாகனத்துக்கு 8,000 கிலோ பட்டி சரி. "இன்னும் பலமானது நல்லதுதானே" என்று கேட்பீர்கள். இல்லை. அளவுக்கு மீறிப் பலமான பட்டி நீளாது, சங்கிலி போலவே வேலை செய்யும்.

இந்தக் கணக்கில் 12 தொன் லொறிக்கு 24 முதல் 36 தொன் பட்டி வேண்டும். யூட்டுக்கு வாங்கிய பட்டியை அதற்குப் போடவே கூடாது. காசு போனாலும் பரவாயில்லை, கனரக மீட்பு வாகனத்தைக் கூப்பிடுங்கள்.

எங்கே கொழுவுவது? ரெயிலர் பூட்டும் ரோ போலில் ஒருபோதும் கொழுவாதீர்கள். அது உடைந்து பறந்து பட்டு இந்த நாட்டில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மீட்புக்கென்று பொருத்தப்பட்ட, பலம் குறிக்கப்பட்ட கொழுக்கியில் மட்டும் கொழுவுங்கள். ஷக்கிளிலும் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். இரண்டு பட்டிகளை இரும்பு ஷக்கிளால் தொடுக்கவும் கூடாது.

இழுக்க முன்னர் சில்லைச் சுற்றியுள்ள சேற்றை மண்வெட்டியால் அகற்றுங்கள். ரயர் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். பல நேரம் அதோடேயே வாகனம் ஏறிவிடும். இழுக்கத்தான் வேண்டுமென்றால், பட்டியின் நடுவில் பாரமான போர்வையோ அதற்கென்று விற்கும் உறையோ போடுங்கள். அறுந்தால் பட்டி பாயும் வேகம் குறையும். நனைந்த பட்டிக்குப் பலம் குறைவு. வெட்டுப்பட்டதை எறிந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சேறு போகக் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள்.

ஒரு வாகனம் புதைந்தால் நாலு பேர் ஓடிவருவது எங்கள் குணம். நல்ல குணம்தான். ஆனால் பட்டி இறுகும் நேரத்தில் சாரதிகள் இருவரைத் தவிர எல்லோரும் பட்டியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். படம் எடுக்கக் கிட்ட வரும் பிள்ளைகளை முதலில் தூர அனுப்புங்கள். வாகனம் நாளைக்கும் வெளியே வரும்.