பித்தளையில் ஒரு புகைவண்டி எஞ்சின்



தமிழகத்தை விட்டு வந்து நான் குடியேறிய ஊர் மொராதாபாத். பித்தளைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். இரயில்வே கோட்டம் ஒன்றின் தலைமையிடமும்கூட. ஆகையால் மாலைப் பொழுதைப் போக்க நான் பித்தளையில் ஒரு சிறு எஞ்சின் செய்ய முற்பட்டதில் புதுமை இல்லை. ஆனால் தொழில் தெரியாமல் முற்பட்டேன்.

இங்கிலாந்திலிருந்து அஞ்சலில் வந்த பெட்டியில் மெல்லிய பித்தளைத் தகடுகள் சில, வார்ப்பு உறுப்புகள் சில, படங்களுடன் கூடிய குறிப்பேடு ஒன்று ஆகியவையே இருந்தன. சக்கரங்களையும் மோட்டாரையும் தனியே வாங்க வேண்டியதாயிற்று. தகட்டில் ஒவ்வோர் உறுப்பும் அமிலத்தால் அரித்து வெட்டப்பட்டு, சிறு காம்புகளால் மட்டும் சட்டத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். காம்பை வெட்டி, அரத்தால் தேய்த்து, பாதி ஆழத்துக்கு அரித்த கோடு உட்புறம் வருமாறு மடிக்க வேண்டும்.

நான் தேர்ந்தது ஆறு சக்கரமுள்ள டாங்கி எஞ்சின். முதன்முறை செய்பவருக்கு இத்தகைய சிறிய எஞ்சினே தக்கது. பெரிய விரைவுவண்டி எஞ்சினின் அழகில் மயங்கி வாங்குவோர், பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவதே பெரும்பாலும் நடக்கும். என் எஞ்சினின் அளவு, அடிக்கு 4 மில்லிமீட்டர். அஃதாவது ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. அது ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். கணக்குப்படி இங்கிலாந்துப் பாதைக்கு 18.83 இருக்க வேண்டும். நம் நாட்டு அகலப்பாதைக்கோ 22. இக்குறையைப் பொறுக்காத அன்பர்கள் உண்டு. முதல் எஞ்சினில் அந்த வழக்கு வேண்டாம் என்பேன்.

என்னை அச்சுறுத்தியது ஈயம் பற்றவைக்கும் வேலை. முதல் நாள் மின்சாரச் சூட்டுக்கோலின் முனையில் ஈயத்தை உருக்கி, இணைப்பின்மேல் சொட்டவிட்டேன். அது முத்துப்போல் உருண்டு நின்றது, தட்டியதும் உதிர்ந்தது. அடுத்த வீட்டில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் பார்த்துச் சிரித்தார். "பாபுஜி, ஈயத்தைச் சுடாதீர்கள். பித்தளையைச் சுடுங்கள், ஈயம் தானே ஓடிவரும்" என்றார். இணைப்பைத் துலக்கி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த நீர்மம் ஒரு துளி தடவி, கோலைப் பித்தளையின்மீது வைத்தேன். வெள்ளிக் கோடு இழுத்தாற்போல் ஈயம் இடுக்கெங்கும் பாய்ந்தது. அந்த நீர்மத்தை அன்றன்றே கழுவிவிட வேண்டும். ஓரிரவு நான் மறந்துவிட, காலையில் தகட்டில் பச்சை படர்ந்திருந்தது. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்வதும் அவசியம். அந்தப் புகை நல்லதன்று.

உண்மையான சோதனை அடிச்சட்டத்தில் வந்தது. இரு பக்கத் தகடுகளையும் குறுக்குத் தகடுகளால் இணைத்து, சக்கரங்களைப் பூட்டிக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தேன். ஐந்து சக்கரங்கள் படிந்தன. ஆறாவது அந்தரத்தில் நின்றது. மூன்று வார உழைப்பு! தகடு கெட்டால் வேறு பெட்டி வாங்க என்னிடம் பணமில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "வைத்ததை எடுக்கலாமே! அதற்குத்தானே ஈயம்?" என்றார் அவர். சக்கரங்களைக் கழற்றினேன். குறுக்குத் தகடு ஒன்றின் ஓரத்தை மட்டும் சூடாக்க, ஈயம் இளகியது. சட்டத்தைக் கண்ணாடியின்மேல் மரக்கட்டையால் அழுத்திக்கொண்டு கோலை எடுத்தேன். ஈயம் இறுகியபோது முறுக்கு நீங்கியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சக்கரங்களை இணைக்கும் தண்டின் துளைகளுக்கு இடையேயுள்ள தொலைவும், அச்சுகளுக்கு இடையேயுள்ள தொலைவும் மயிரிழையும் வேறுபடலாகாது. வலப்பக்கத்து முளைக்கும் இடப்பக்கத்து முளைக்கும் கால் சுற்று விலக்கம் வேண்டும். மூன்று அச்சுகளிலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். பிசகினால் எஞ்சின் நொண்டும். ஆதலால் மோட்டாரைப் பூட்டுமுன்பே அடிச்சட்டத்தைச் சற்றே சாய்ந்த கண்ணாடியில் விட்டுப் பாருங்கள்.

என்னுடையது தடையின்றி உருண்டது. புகைபோக்கியை மட்டும் இன்னும் பொருத்தவில்லை. அது வெண்ணிற உலோக வார்ப்பு. பித்தளைக்கு இடும் சூட்டில் அதுவே உருகிவிடும். அதற்குச் சுமார் 70 டிகிரியில் உருகும் வேறு வகைப் பற்று வேண்டும். எழுதியிருக்கிறேன், அஞ்சலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.