கடலில் மெலியும் குரல்

ஒரு காலத்தில், இரவு ஒன்பது மணிக்கு மேல் வானொலிப் பெட்டியின் முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருகி, எங்கிருந்தாவது ஒரு தமிழ்க் குரல் அகப்படாதா என்று செவி சாய்த்திருந்தவர் நம்முள் பலர். பகலில் அணுவளவும் கேளாத நிலையம் இரவில் அடுத்த வீட்டுப் பேச்சுப்போல் கேட்கும். காரணம் நிலையத்திலும் இல்லை, நம் பெட்டியிலும் இல்லை. நிலத்துக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், பகலவன் ஒளியால் மின்னேற்றம் பெறும் படலம் ஒன்று மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அது கலைந்துபோக, அலைகள் இன்னும் மேலுள்ள படலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்கின்றன. வழியில் அலை இவ்வாறு வலிமை இழப்பதையே ஆங்கில நூல்கள் 'அட்டெனுவேஷன்' என்கின்றன.

இந்த ஒரு சொல் நம்மை ஒரு வாரம் அலைக்கழித்தது. திருவனந்தபுரத்தில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பு நம் தொழில். கம்பியில்லாக் கருவிகளைக் கணிப்பொறிக்குள்ளேயே பாவனையாக இயக்கிப் பார்ப்பது பற்றிய குறிப்பு ஒன்று நம் மேசைக்கு வந்தது. நாமோ கலைப் பட்டதாரி. கணக்குக்கும் நமக்கும் காத தூரம். 'நலிவு' என்று எழுதினோம். நோயாளி நினைவுக்கு வந்தார். 'தேய்வு' என்று மாற்றினோம். செருப்பு நினைவுக்கு வந்தது. இறுதியில் 'மெலிவு' என்று வைத்தோம். சொல் கிடைத்ததே தவிர, அதன் பொருள் விளங்கியது பூந்துறைக் கடற்கரையில்தான்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வலுப்பெற்றது. பூந்துறை, விழிஞம் கரைகளிலிருந்தும் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியிலிருந்தும் சென்ற மீனவர் பலர் அப்போது கடலில் இருந்தனர். வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்ய ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. பலர் மீளவே இல்லை.

ஏன் எட்டவில்லை? தொலைவு மிகுதி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கணக்கு வேறு விதமாகச் சொல்லுகிறது. கடலில் அபாய அழைப்புக்கென ஒதுக்கப்பட்ட 16ஆம் சானலின் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். தடையற்ற வெளியில், எளிய ஏரியல்களிடையே, இவ்வலை 10 கிலோமீட்டர் செல்வதற்குள் 96 டெசிபெல் மெலிகிறது. அதாவது, அனுப்பிய வலிமையில் ஏறக்குறைய 400 கோடியில் ஒரு பங்கே சென்று சேரும். மலைக்க வேண்டாம், அந்தத் துளியையும் பற்றிக்கொள்ளும் திறன் கருவிக்கு உண்டு. தொலைவு இரு மடங்கானால் மேலும் 6 டெசிபெல் குறையும், அவ்வளவே. உண்மையான எதிரி பூமியின் வளைவு. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அலைக்குரிய தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கரையில் 25 மீட்டர்க் கம்பத்துக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; படகில் 4 மீட்டர்க் கழிக்கு 8க்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 29. அதற்கு அப்பால் குரல் படிப்படியாக இறங்குவதில்லை. மலைவிளிம்பில் கால் தவறியதுபோல் விழுகிறது. படகுக்கும் படகுக்கும் இடையே இந்த எல்லை 16 கிலோமீட்டர்தான்.

ஆகவே ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்லும் அஞ்சல் முறையை எண்ணிப் பார்க்கத் தோன்றும். கடலில் ஐம்பது படகுகளை நிறுத்திச் சோதிப்பது எளிதா? கணிப்பொறிப் பாவனை உதவுவது இங்கேதான். 'என்.எஸ்.-3' என்ற இலவச மென்பொருளில் ஓர் அட்டவணை உண்டு. எந்தக் கருவிக்கும் எந்தக் கருவிக்கும் இடையே எத்தனை டெசிபெல் மெலிவு என்று இணை இணையாக எழுதிவிடலாம். எழுதாமல் விட்ட இணைக்கு அது கணக்கற்ற மெலிவை வைத்துக்கொள்ளும். ஒன்றையொன்று கேட்கவே கேட்காது.

புதியவர்கள் எல்லா இணைக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே எல்லாரும் எல்லாரையும் கேட்கிறார்கள். எச்சரிக்கை இமைப்பொழுதில் பரவுகிறது. காகிதத்தில் ஒருவரும் மூழ்குவதில்லை! கரைக்கும் முதற்படகுக்கும் 100, முதற்படகுக்கும் இரண்டாம் படகுக்கும் 100, கரைக்கும் இரண்டாம் படகுக்கும் 200 என்று போட்டுப் பாருங்கள். கரையும் இரண்டாம் படகும் ஒன்றின் குரலை மற்றொன்று கேளா. வெளி அமைதியாய் இருக்கிறதென்று எண்ணி இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். நடுவிலுள்ள முதற்படகின் செவியில் இரு குரலும் மோதிக் குழம்பும். இந்தக் குழப்பத்தைக் கரையிலேயே கண்டுகொண்டால்தான் அதற்கு முறை வகுக்க முடியும்.

ஒரு திசைக்கு எண் கொடுத்தால் எதிர்த்திசைக்கும் அதையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும், நாம் வேறாகச் சொன்னாலொழிய. பாதையின் மெலிவு இரு புறமும் ஒன்றே என்பதால் இது சரியே. ஆனால் கரையின் கருவி 25 வாட், மீனவர் கைக்கருவி 5 வாட் என்றால் 7 டெசிபெல் வேறுபாடு வந்துவிடுகிறது. கரை சொல்வது படகுக்குக் கேட்கும். படகு கூப்பிடுவது கரைக்குக் கேட்காது. 2019இல் மீனவர்க்கென அறிமுகமான 'ஜெமினி' கருவி துணைக்கோள் வழியாகத் தொடுவானத்தின் தடையைத் தாண்டியது. ஆயினும் அது எச்சரிக்கையை வாங்கித் தருமேயன்றி, படகின் குரலைக் கரைக்குக் கொண்டுவராது.

பூந்துறையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் நம் அட்டவணையைக் காட்டி விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "படகு அலையின் பள்ளத்தில் இறங்கும்போதும் இதே எண்தானா?" என்றார். பள்ளத்தில் இறங்கினால் ஏரியலும் தாழும். முன்னே நிற்கும் நீர்மலை அலையை மறைக்கும். அடுத்த கணம் மேலெழுந்தால் மீண்டும் கேட்கும். நாம் மொழிபெயர்த்த குறிப்பில் ஓர் இணைக்கு ஓர் எண்தான் இருந்தது. ஓரத்தில் அவர் கேள்வியைப் பென்சிலால் எழுதி, மறுநாள் மேலிடத்துக்கு அனுப்பிவைத்தோம்.