குதிரையேறிய ஒரு மகள்
(பொன்விழாக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பிள்ளைகளின் படிப்பையும் தொழிலையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, இந்த ஈஜோக்கில் வியாபாரம் செய்பவன். இன்று ஒரு குதிரைப் பந்தய ஜாக்கியைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

குதிரை மேல் பணம் கட்டுவது சூது, நமக்கு ஹராம். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் குதிரை ஓட்டப் போட்டி நடந்ததை ஹதீஸ்களில் காண்கிறோம். பணம் கட்டுகிறவரை விட்டுவிடுவோம். சேணத்தில் உழைக்கிறவரைப் பார்ப்போம்.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் பந்தய மைதானம். பிறகுதான் அது சுங்கை பீசிக்கு மாறியது. அதுபோல் சென்னையில் பழைய மைதானம் கிண்டி. அந்தச் சென்னையில் ஒரு குதிரைப் பயிற்சியாளரின் மகளாக வளர்ந்தவர் ரூபா சிங். சிறு வயதிலேயே குதிரையேறப் பழகினார். இந்தியாவின் முதல் தொழில்முறைப் பெண் ஜாக்கி ஆனார். 700க்கும் மேற்பட்ட பந்தயங்களில் வென்றார். ஆனாலும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

அது லேசான வேலை இல்லை. விடியுமுன் லாயத்துக்குப் போக வேண்டும். குதிரையின் எடை ஏறக்குறைய 500 கிலோ, ஓட்டுபவரின் எடை 50 கிலோவை ஒட்டி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், உட்காராமல், அங்கவடியில் கால் ஊன்றிக் குனிந்தபடி போக வேண்டும். விழுந்தால் பின்னால் வரும் குதிரைகளின் குளம்புகள். அதனால்தான் ஆம்புலன்சும் கூடவே ஓடுகிறது.

வியாபாரியான எனக்குப் பிடித்தது அங்குள்ள தராசு. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கியைச் சேணத்தோடு நிறுத்துப் பார்ப்பார்கள். எடை குறைந்தால் ஈயத் தகடு வைத்துச் சரிசெய்வார்கள். முடிந்தபின் எடை குறைந்திருந்தால் வெற்றி செல்லாது. அந்தத் தராசு ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.

கேட்டவர்கள் மனிதர்கள்தான். 1969இல் அமெரிக்காவின் புளோரிடாவில் டயான் கிரம்ப் என்ற பெண் முதன்முதலாக ஆண்களோடு பந்தயத்தில் இறங்கியபோது, கூட்டத்தைத் தாண்டிப் போகப் போலீஸ் துணை தேவைப்பட்டது. அன்று அவர் வெல்லவில்லை, ஓடி முடித்தார். மறு வருடமே கென்டக்கி டெர்பியிலும் ஓட்டினார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் கடைகளில் மகள் கணக்கு எழுதுகிறாள், சரக்கு வரவைப் பார்க்கிறாள். ஆனால் கடை இனி யார் கையில் என்று பேசும்போது அவள் பெயர் வருவதில்லை. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை மின்சார வேலையோ மோட்டார் வேலையோ படிக்கிறேன் என்றால், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா?" என்கிறோம்.

பெற்றவர்கள் பயப்படுவது நியாயம்தான். குதிரைப் பயிற்சியாளருக்குத் தெரியாத ஆபத்தா? அவருக்குத் தெரிந்த அந்தத் தொழிலிலேயே மகளும் இறங்கினார். நமக்கும் பயம் இருந்தால், தொழிலை இன்னும் நன்றாகக் கற்றுக்கொடுப்போம்.

இந்த ஐம்பது வருடத்தில் நம் பெரியவர்கள் சங்கத்தை வளர்த்துத் தந்தார்கள். இனி வரும் வருடங்களில் கல்வி உதவிக்கு மனு எடுக்கும்போது, தொழிற்கல்வி கேட்கும் மகள்களுக்கும் ஒரு மனுவை எடுத்து வையுங்கள். அவர்களையும் ஒரே தராசில் நிறுப்போம்.