இலையானா, தேனீயா?



கடந்த ஐப்பசியில் ஒரு விடுமுறை நாள். இரண்டு குடும்பமாக டுபாயிலிருந்து ஹத்தா மலைப்பக்கம் போயிருந்தோம். சாப்பாட்டை இறக்கி வைத்த இடத்தில் ஒரு சித்ர் மரம் நின்றது. நம்முடைய இலந்தைக்கு நெருங்கிய உறவு அது. மரம் முழுக்கப் பூ, பூ முழுக்கப் பூச்சி. திடீரென்று நண்பரின் ஏழு வயது மகள் வீரிட்டாள். அவளுடைய சட்டைக் கையில் மஞ்சளும் கறுப்புமாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"தேனீ!" என்று தகப்பன் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"தம்பி, கொஞ்சம் பொறும்" என்று சொல்லிக் கைத்தொலைபேசியில் இரண்டு படம் எடுத்தேன். அது தன் பாட்டில் பறந்து பூவுக்குத் திரும்பிவிட்டது.

"மாமா, அது என்ன?"

"இலையான், பிள்ளை."

அவள் நம்பவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். இன்றைக்கு உங்களுக்கும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் செட்டையை எண்ணுங்கள். தேனீக்கும் குளவிக்கும் நான்கு செட்டைகள். பின் இரண்டும் முன் இரண்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் சட்டென்று தெரியாது. இலையான், நுளம்பு எல்லாம் சேர்ந்த ஈ இனத்துக்கு இரண்டே செட்டைகள். பின் செட்டை இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல இரண்டு சிறு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது சமநிலை காப்பது அவைதான். அடுத்தது உணர்கொம்பு. தேனீயின் கொம்பு நீண்டு, முழங்கை போல மடிந்திருக்கும். தேனீ மாதிரித் தோன்றும் இந்தப் பூ ஈக்களுக்கு அது வெறும் குட்டைக் கட்டை. மூன்றாவது கண். இந்த ஈக்களுக்குத் தலையில் பெரும்பங்கு கண்தான்.

நாங்கள் பார்த்ததன் கண்ணில் மேலிருந்து கீழாகக் கரும் கோடுகள் ஓடின. தேனீ வேடம் போட்டால் குருவியும் பல்லியும் கிட்ட வர யோசிக்கும். ஆனால் அதற்குக் கொடுக்கே இல்லை. இதன் இனத்துப் புழுக்கள் தேங்கிய அழுக்குத் தண்ணீரில் வால் போன்ற ஒரு குழாயை மேலே நீட்டி மூச்சு விட்டு வளர்கின்றன. வளர்ந்து செட்டை முளைத்தபின் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டு போகின்றன.

வீட்டுக்கு வந்ததும் ஈக்களைப் பற்றி நன்றாக அறிந்த ஒருவருக்குப் படத்தை அனுப்பினேன். அவர் திருப்பிக் கேட்டது ஈயைப் பற்றி அல்ல. "எங்கே எடுத்தது? எந்தத் திகதி? எந்தச் செடியில்?" மூன்றுக்கும் பதில் சொன்னபிறகுதான் பெயர் வந்தது: எரிஸ்டாலினஸ் டீனியோப்ஸ். ஆபிரிக்காவிலும் மத்தியதரைக் கடல் பக்கமும் கூட இருப்பதாம்.

உற்சாகத்தில் என்னிடம் இருந்த பழைய படங்கள் நாற்பதையும் அனுப்பினேன். முக்கால்வாசிக்குப் பெயர் கிடைக்கவில்லை. சிலவற்றில் செட்டை நரம்பு தெரியவில்லை. சிலவற்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் சொல்லலாமாம். மிச்சத்துக்கு எங்கே, எப்போது எடுத்தேன் என்பதே எனக்கு நினைவில்லை. முப்பது வருடமாகத் திகதியில்லாத பற்றுச்சீட்டை மேசையிலிருந்து திருப்பி அனுப்புகிற கணக்காளன் நான். என் படங்களே அப்படித் திரும்பி வந்தன.

இந்த நாட்டில் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தின் பூச்சிகளையும் சிலந்திகளையும் பற்றி அந்தோனியஸ் வான் ஹார்ட்டன் பதிப்பித்த பெருநூலின் முதல் தொகுதி 2008இல் வந்தது. பிறகும் பல தொகுதிகள் வந்தன. உலகத்தில் அதுவரை பெயரிடப்படாத பல இனங்கள் அவற்றில்தான் முதன்முதல் பெயர் பெற்றன. அபுதாபியின் இயற்கை வரலாற்றுக் குழு 1991 முதல் வெளியிட்ட சஞ்சிகைக்கு 'ட்ரிபியூலஸ்' என்று பெயர். அது வேறொன்றுமில்லை, நம்முடைய நெருஞ்சியின் தாவரவியல் பெயர்! அதில் எழுதியவர்களில் பலர் வேறு தொழில் பார்த்தவர்கள். டுபாய்க் குழுவை நெடுங்காலம் நடத்திய கேரி ஃபோயில்னர் ஒரு சட்டத்தரணி. பல பத்தாண்டுகளாகக் கண்ணில் படாதிருந்த ஊரோதெமிஸ் தோமசி என்ற தும்பி, 2013இல் புஜைராவின் வாடி வுரையாவில் இருப்பது தெரியவந்தது. இடமும் திகதியும் குறித்து வைத்ததால் அது வரலாறாகிவிட்டது.

நேயர்களே, ஒரு சொந்த விடயம் சொல்லவேண்டும். 1995 ஐப்பசி இடப்பெயர்வில் அம்மா உடுப்புப் பையோடு ஓர் அல்பத்தையும் தூக்கி வந்தார். அதில் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்புறத்தில் ஒரு எழுத்தும் இல்லை. ஆரென்று அம்மாவுக்குத் தெரியும். ஆறுதலாகக் கேட்கலாம் என்று நான் வருடக்கணக்காக விட்டுவிட்டேன். இப்போது அம்மா இல்லை. சொந்தக்காரர் எல்லோருக்கும் காட்டிவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் முகம் என்னிடம் இருக்கிறது, பெயர் இல்லை.

ஆகவே பிள்ளைகளோடு வெளியே போகும்போது இப்படிச் செய்து பாருங்கள். பூச்சியைத் தொடாமல், தள்ளி நின்று, மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், முடிந்தால் முகத்துக்கு நேரே ஒரு படம். செட்டை தெளிவாகத் தெரியட்டும். அன்றிரவே இடம், திகதி, எந்தச் செடி என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'ஒரு வகை ஈ' என்று எழுதினால் போதும். கணக்கில் இடம் தெரியாத தொகையைத் தொங்கற் கணக்கில் போடுகிறோம் அல்லவா, அது மாதிரி. இடமும் திகதியும் இருந்தால் பெயரைப் பின்னால் ஒருவர் சொல்லுவார். ஊகித்து ஒரு பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கொப்பியை மூடுவதற்கு முன் வீட்டு அல்பத்தையும் எடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு படமாகக் கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

அந்தச் சிறுமி தன் கொப்பியின் முதற்பக்கத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். "ஹத்தா. சித்ர் மரம். கண்ணில் கோடு போட்ட இலையான். கடிக்கவில்லை." திகதியும் போட்டிருந்தாள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.